எட்டும் எட்டும் பதினாலு

மாஸ்டர் அண்டா மூடியைத் தூக்கியதும் ஆவி வந்து என் மூக்குக்கண்ணாடியை மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. பருப்பும் பெருங்காயமும் சேர்ந்து கொதிக்கிற வாசம் மட்டும் மூக்கைத் துளைத்தது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, சும்மா ஒரு பெருமைக்காகத்தான் கேட்டேன்.

"என்ன மாஸ்டர், எல்லாம் சரியா வந்துருச்சா?"

காலை ஆறு மணி. திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம். இன்னும் மூன்று மணி நேரத்தில் என் அண்ணன் செந்திலுக்குக் கல்யாணம். குவைத்திலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தான். மண்டபத்துக்குள் அவனை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் குளிரில் கத்துகிற சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

சவரிமுத்து மாஸ்டர் ஆவூர்க்காரர். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் கைதான். கரண்டியால் சாம்பாரை ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கவலையே படாதீங்க டீச்சர். நானூத்தி எழுவது எலைக்குக் கச்சிதமா இருக்கும்."

நான் அவரிடம் சொன்னது அறுநூற்று இருபது.

போன வாரம் இந்தத் தொடரில் என் பி.எட். பிரதாபங்களைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: "எல்லாவற்றையும் சரியாகவே செய்கிறீர்களே, வாழ்க்கையில் கணக்குத் தப்பியதே இல்லையா?" தப்பியிருக்கிறது அம்மா. நன்றாகத் தப்பியிருக்கிறது. தப்பிய இடம் அந்த அண்டாதான். ஆனால் அங்கே போவதற்கு முன் ஒரு முட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மேகலாவின் முட்டை

அன்னவாசல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் வேதியியல் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. பதினொன்றாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட். எல்லா டிபன் பாக்ஸிலிருந்தும் எலுமிச்சை சாத வாசம் வருகிற நேரத்தில் நான் சகப்பிணைப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

குளோரின் அணுவுக்கு வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான். எட்டு இருந்தால் அதற்கு நிம்மதி. நியான், ஆர்கான் மாதிரி வாயுக்களுக்கு அந்த எட்டு பிறவியிலேயே நிறைந்திருக்கும். அதனால் அவை யார் வீட்டு வாசலையும் மிதிக்காது. குளோரினுக்கு ஒன்றே ஒன்று குறை. பக்கத்தில் இன்னொரு குளோரின் வருகிறது. அதற்கும் ஒன்று குறை. ஒன்றிடமிருந்து இன்னொன்று பிடுங்க முடியாது, இரண்டுக்கும் ஒரே பலம். என்ன செய்வது? ஆளுக்கு ஒரு எலக்ட்ரானை நடுவில் கொண்டுவந்து வைக்கின்றன. அந்த ஜோடி இரண்டுக்கும் பொது. இப்போது இதற்கும் எட்டு, அதற்கும் எட்டு.

ஓர் அணுவின் எலக்ட்ரானைப் புள்ளியாகவும் இன்னோர் அணுவின் எலக்ட்ரானைப் பெருக்கல் குறியாகவும் போட்டு, இரண்டு வட்டத்தையும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று படும்படி வரைந்தேன். படம் பிரமாதமாக வந்திருந்தது. கையிலிருந்த சாக்பீஸ் தூளை ஊதிவிட்டுத் திரும்பினால், கடைசி பெஞ்சில் மேகலா எழுந்து நிற்கிறாள்.

மேகலா எழுந்தாலே எனக்கு உள்ளூர உதறும். தெரியாமல் கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லிவிடலாம். இவள் யோசித்துவிட்டுக் கேட்பாள்.

"மிஸ், அந்த அணுவுல எத்தன?"

"எட்டு."

"இந்த அணுவுல?"

"எட்டு."

"எட்டும் எட்டும் பதினாறு. ஆனா ரெண்டும் கொண்டாந்தது ஏழும் ஏழும் பதினாலுதானே மிஸ்? மிச்சம் ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேருந்தும் வரலடி. பங்கு போட்டுக்கிட்டாங்க."

"பங்கு போட்டா கொறையத்தானே மிஸ் செய்யும்? நானும் என் தங்கச்சியும் ஒரு முட்டையப் பங்கு போட்டா ஆளுக்குப் பாதிதான். எங்கம்மா ஒத்த முட்டைய வச்சுட்டு ஆளுக்கு ஒரு முட்டைன்னு கணக்குச் சொன்னா நாங்க சும்மா விட்ருவமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பதில் தெரியவில்லை! எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன், தங்க மெடலை இரண்டே மார்க்கில் தவறவிட்டவள், ஒரு முட்டைக்குப் பதில் தெரியவில்லை. ஓர் ஆசிரியை சொல்லவே கூடாத வாக்கியத்தைச் சொன்னேன்.

"புக்ல அப்படித்தான் போட்ருக்கு. உக்காரு."

மணி அடித்துக் காப்பாற்றியது. அன்று என் டிபன் பாக்ஸில் இருந்ததும் முட்டைதான். சாப்பிடப் பிடிக்கவில்லை.

பாயசம் வராத கதை

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் கல்யாண வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பெண் வேறு யாருமில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, திருக்கோகர்ணத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் கோமதிதான் அண்ணனுக்கு நிச்சயமாகியிருந்தாள். சொந்தத்துக்குள் கல்யாணம். எல்லாருக்கும் சந்தோஷம், அப்பாவுக்கு மட்டும் சந்தோஷத்தோடு ஒரு பயமும் இருந்தது.

பயம் சாப்பாட்டைப் பற்றியது. அதற்குக் காரணம் மாமா.

அப்பா அம்மா கல்யாணத்தில் சாப்பாடு அப்பா வீட்டுப் பொறுப்பு. மூன்றாவது பந்திக்குப் பற்றாமல் போய்விட்டதாம். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெண்ணின் தம்பி, அதாவது மாமா. மீசை அரும்புகிற வயது. சோறு வந்தது, ரசம் வந்தது, பாயசம் வரவே இல்லை. வாளியோடு வந்தவர் மாமாவுக்கு முந்தின இலையில் கடைசிச் சொட்டை ஊற்றிவிட்டு, இவர் இலையைப் பார்த்து அசடு வழிந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மாமா அதை விடவே இல்லை. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"மச்சான், அந்தப் பாயசம் கொதிச்சுருச்சா?"

அப்பா சிரிப்பார். அம்மா சிரிப்பாள். நாங்களும் விழுந்து விழுந்து சிரிப்போம். மாமா போன பிறகு அப்பா வெகுநேரம் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார். அந்த மடிப்பில் இருந்த வருத்தம் எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது.

அதனால் இந்தக் கல்யாணத்தில் அப்பா ஒரே முடிவாக இருந்தார். "யாரு வீட்டுக் கல்யாணத்துல வேணா என்ன வேணா கொறையட்டும். எம் மகன் கல்யாணத்துல ஒரு எலையில ஒரு அப்பளம் கொறஞ்சாலும் நான் அந்த மனுசன் மூஞ்சில முழிக்க முடியாது."

இரண்டு லிஸ்ட்

முட்டைக் கேள்வி கேட்ட அன்று சாயங்காலம்தான் இரண்டு வீட்டு லிஸ்ட்டும் எங்கள் கூடத்தில் விரிந்து கிடந்தன. எங்கள் லிஸ்ட்டில் நானூற்று இருபது பேர். மாமா வீட்டு லிஸ்ட்டில் நானூற்று அறுபது. சாப்பாடு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்று. அரிசி, காய் எல்லாம் சவரிமுத்து மாஸ்டர் பொறுப்பு. நாம் இலைக் கணக்கைச் சொன்னால் போதும்.

"கூட்டிப் பாத்து மாஸ்டருக்குப் போன் போட்ரு தாயி," என்றார் அப்பா. "படிச்ச புள்ள. நீ சொன்னாத்தான் சரியா இருக்கும்."

கூட்டினேன். எண்ணூற்று எண்பது. பேனாவை மூடப் போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. எங்கள் லிஸ்ட்டில் ஏழாவது பெயர் கீரனூர் பெரியம்மா, குடும்பத்தோடு ஒன்பது பேர். மாமா வீட்டு லிஸ்ட்டில் மூன்றாவது பெயரும் கீரனூர் பெரியம்மா, குடும்பத்தோடு ஒன்பது பேர்!

எங்களுக்குப் பெரியம்மா. மாமாவுக்கு அக்கா. பெரியம்மா ஒருத்திதான். சாப்பிடப் போவதும் ஓர் இலையில்தான். ஆனால் எங்கள் லிஸ்ட்டிலும் முழுப் பெரியம்மா, அவர்கள் லிஸ்ட்டிலும் முழுப் பெரியம்மா. பாதிப் பெரியம்மா எங்களுக்கு, பாதிப் பெரியம்மா அவர்களுக்கு என்று யாராவது சொன்னால் பெரியம்மாவே விளக்குமாற்றை எடுத்துவிடுவாள்.

நான் கத்திவிட்டேன். "அம்மா! முட்டை இல்லம்மா! பெரியம்மா!"

"என்னடி ஒளர்ற?" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். முட்டையைப் பங்கு போட்டால் குறையும், ஏனென்றால் அறுக்கிறோம். உறவை அறுப்பதில்லையே! பொதுவாக வைத்துக்கொள்கிறோம். நடுவில் இருக்கிற அந்த ஜோடி எலக்ட்ரான் குளோரின் வீட்டுப் பெரியம்மா. இந்தப் பக்கத்து வீடும் முழுசாக எண்ணிக்கொள்ளலாம், அந்தப் பக்கத்து வீடும் முழுசாக எண்ணிக்கொள்ளலாம். இலை போடும்போது மட்டும் ஒரு தடவைதான் போட வேண்டும். எட்டும் எட்டும் பதினாலு!

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

இரண்டு லிஸ்ட்டையும் வைத்துக்கொண்டு பொதுப் பெயர்களை எல்லாம் சிவப்பு மையில் சுழித்தேன். மொத்தம் இருநூற்று எழுபது பேர் இரண்டு பக்கமும் இருந்தார்கள். எண்ணூற்று எண்பதில் அதைக் கழித்தால் அறுநூற்றுப் பத்து. ஒரு காப்புக்குப் பத்து சேர்த்தேன். உடனே மாஸ்டருக்குப் போன் போட்டு, "அறுநூத்தி இருவது எலை மாஸ்டர்" என்றேன். அவர் "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

"சொல்லிட்டியா தாயி?" என்றார் அப்பா. "எண்ணூத்தி எம்பதுதானே?"

"கணக்கெல்லாம் சரியாச் சொல்லிட்டேன்ப்பா."

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அறுநூறு என்று சொல்லியிருந்தால் அப்பா அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் போய் மேகலாவிடம் சொல்ல வேண்டும் என்கிற அவசரம்தான் இருந்தது.

இரட்டைப் பிணைப்பு

மறுநாள் எடுத்த அந்த வகுப்பைப் போல இன்றுவரை நான் ஒரு வகுப்பு எடுத்ததில்லை. கரும்பலகையில் குளோரினை அழித்துவிட்டு எங்கள் வீட்டையும் மாமா வீட்டையும் இரண்டு வட்டமாகப் போட்டேன். நடுவில் பெரியம்மாவைப் போட்டேன். மேகலா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க வீட்டு முட்ட தப்பான உதாரணம். அப்படித்தானே மிஸ்?"

"ஆமாடி. நான் பங்குன்னு சொன்னதே தப்பு. பொதுன்னு சொல்லிருக்கணும்."

"இது முன்னாடியே சொந்தம்தானே மிஸ்? ஒங்க அப்பா அம்மா கல்யாணத்துலயே பிணைப்பு வந்துருச்சே? இப்ப ஒங்கண்ணன் கல்யாணம் எதுல சேத்தி?"

பாருங்கள், யோசித்துவிட்டுக் கேட்பாள் என்றேனே. ஆனால் அன்று என்னை யாராலும் அசைக்க முடியாது.

"முதல் கல்யாணத்துல ஒத்தப் பிணைப்பு. இப்ப இன்னொரு ஜோடி சேருது. ஆக்சிஜன் மூலக்கூறு மாதிரி இரட்டைப் பிணைப்பு. ஒத்தப் பிணைப்ப விடப் பலம் சாஸ்தி. பிரிக்கணும்னா நெறைய சக்தி வேணும்."

"நைட்ரஜன்ல மூணு ஜோடி மிஸ்," என்றாள் முன் பெஞ்சுக்காரி ஒருத்தி. "ஒங்களுக்கும் மாமா வீட்ல பையன் இருக்காங்களா மிஸ்?"

மேசையை ஸ்கேலால் தட்ட வேண்டியதாயிற்று. வெட்கத்தை மறைக்க நான் வீராப்பாக ஒன்று சொல்லித் தொலைத்தேன். "நம்பாதவங்க ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு வந்து எண்ணிப் பாத்துக்கங்க."

கால்வாசி

இப்போது அண்டாவுக்குத் திரும்பிவிடலாம்.

"நானூத்தி எழுவதா? மாஸ்டர், நான் அறுநூத்தி இருவதுல்ல சொன்னேன்!"

"சொன்னீங்க டீச்சர்." மாஸ்டர் பதற்றமே இல்லாமல் மூடியைத் திரும்ப வைத்தார். "சொந்தத்துக்குள்ள கல்யாணம்னா ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே ஆள ரெண்டு தடவ எண்ணிருவாங்க. எத்தனை கல்யாணம் பாத்துருக்கேன்! அதனால சொன்ன கணக்குல கால்வாசியக் கழிச்சுட்டுத்தான் நான் ஒல வைப்பேன். வெளியில யாருக்கும் சொல்றதில்ல. ஒரு தடவகூடத் தப்புனதில்ல."

நான் துள்ளிக் குதித்துக் கண்டுபிடித்ததை இந்த மனுசன் எத்தனையோ வருடமாகச் சாம்பாரில் கலக்கிக்கொண்டிருக்கிறார்! வீட்டுக்காரர்கள் சொன்ன எண்ணூற்று எண்பதை நான் அப்படியே சொல்லியிருந்தால் அவரே அறுநூற்று அறுபதுக்கு ஆக்கியிருப்பார். நான் கழித்ததில் அவர் இன்னொரு தடவை கழித்துவிட்டார்.

"மாஸ்டர், நான் ஏற்கெனவே கழிச்சுட்டுத்தான் சொன்னேன்."

அவர் கரண்டி நின்றது. "நீங்க ஏன் டீச்சர் அதெல்லாம் செய்யறீங்க?" என்றார் பாவமாக. "அது எங்க வேலையில்லயா?"

நூற்றைம்பது இலை குறைகிறது. கடைசிப் பந்தி முழுசாகப் போச்சு. அதில் மாமா உட்கார்ந்திருப்பார். பாயசம் வராது. இந்தத் தடவை குற்றவாளி அப்பா இல்லை, அப்பா நம்பிக் கணக்குச் சொல்லச் சொன்ன படித்த பிள்ளை. அப்பாவின் தலையில் இன்னொரு முப்பது வருடக் கேலியை ஏற்றி வைக்கப் போகிறவள் நான்தான். சமையல்கட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

"சோறு ஒரு மணி நேரத்துல வடிச்சுருவேன்," என்றார் மாஸ்டர். "அரிசி, பருப்பு, காய் வேணும். பாயசத்துல மட்டும் நான் கழிக்கறதில்ல, தாராளமா இருக்கு. யாருகிட்டயாவது சொல்லுங்க, சீக்கிரம்."

காய் என்றால் ஊரில் ஒரே ஆள்தான். என் காலே என்னை மாமாவிடம் இழுத்துக்கொண்டு போனது.

கட்டிலுக்கு அடியில்

மாமா வாசலில் சாய்ந்திருந்த வாழைமரத்தை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, கொஞ்சம் இங்கிட்டு வாங்களேன்."

"என்னத்தா, மூஞ்சி இப்படி இருக்கு? ஒங்கண்ணன் தாலி கட்ட மாட்டேங்கறானா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குளோரின், முட்டை, பெரியம்மா, கால்வாசி, எல்லாமே. நடுவில் அழுகை வேறு. மாமா கயிற்றைப் பல்லில் கடித்தபடி கேட்டார். முடித்ததும் கயிற்றை எடுத்தார்.

"அந்தக் குளோரின் கெடக்கட்டும். எத்தன எலை கொறையுது?"

"நூத்தம்பது மாமா."

"காய் கடையில கெடக்கு. இப்ப வந்துரும்." போனை எடுத்துக் கடைப் பையனிடம் கத்திரிக்காய், முருங்கைக்காய், பூசணி, தேங்காய் என்று அடுக்கினார். வைத்துவிட்டுச் சிரித்தார். "அரிசி ஒங்கப்பா ரூம்ல இருக்கும்."

"ரூம்லயா? எதுக்கு?"

"கட்டிலுக்கு அடியில பாரு. பயந்துக்கிட்டுக் கண்டிப்பாக் கொண்டாந்து ஒளிச்சு வச்சுருப்பாரு. எனக்குத் தெரியாதா அந்த மனுசன!"

"அப்பாகிட்ட என்னன்னு கேக்கறது மாமா? நாந்தான் கொறச்சேன்னு தெரிஞ்சா மனசு விட்ருவாரு."

மாமா கயிற்றைக் கீழே போட்டார். "நீ வாயவே தொறக்காத. எம் பின்னாடி வா."

அப்பா புதுச் சட்டையில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். மாமா உள்ளே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மச்சான், ஒரு தப்பு நடந்துபோச்சு. நாந்தான் புத்தி கெட்டுப்போய் மாஸ்டருக்குப் போன் போட்டு எலையக் கொறச்சுட்டேன். நூத்தம்பது பேருக்குச் சோறு பத்தாது."

என் வாய் தானாகத் திறந்தது. மாமா பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டை அழுத்தினார்.

அப்பா குண்டூசியோடு நின்றார். முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, ஒரு வெளிச்சம் வந்தது.

"யாரு? நீங்களா மாப்ள? சோத்தக் கொறச்சது நீங்களா?"

"நாந்தான் மச்சான்."

அப்பா அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை. மண்டபம் அதிரச் சிரித்தார். புதுவேட்டியோடு தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டைகளை இழுத்தார். அரிசி மூன்று மூட்டை, துவரம்பருப்பு ஒரு மூட்டை. எல்லாம் எங்கள் வயலில் விளைந்தது. "எடுத்துட்டுப் போங்க மாப்ள! எங்க வீட்டுக் கல்யாணத்துல கொறையவே கொறையாது!"

எங்கள் பருப்பும் மாமா வீட்டுக் காயும் ஒரே அண்டாவில் கொதித்தன. கரும்பலகையில் நான் புள்ளியும் பெருக்கல் குறியும் தனித்தனியாகப் போட்டது பரீட்சைக்காகத்தான். உண்மையில் எந்த எலக்ட்ரானிலும் வீட்டுப் பெயர் எழுதியிருக்காது.

எந்தப் பக்கம்?

தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்குக் கூட்டம் நகர்கிறது. சாப்பாட்டு ஹால் வாசலைப் பார்க்கிறேன், அடி ஆத்தீ! மேகலா! கூடப் பத்துப் பிள்ளைகள். தலை நிறையக் கனகாம்பரம், கையில் நோட்டு. டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். ஆளாளுக்கு மடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"மாப்ள வீடா, பொண்ணு வீடா?"

நான் ஓடுவதற்குள் கீரனூர் பெரியப்பா மாட்டிக்கொண்டார். பெரியம்மா வீட்டுக்காரர். முறுக்கிய மீசை. இரண்டு வீட்டுக்கும் மூத்தவர்.

"ஏ புள்ள, என்னையப் பாத்து எந்தப் பக்கம்னு கேக்கறியா? மரியாத தெரியாத எடத்துல நான் கை நனைக்க மாட்டேன்." திரும்பிச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

போச்சு. சோற்றைக் காப்பாற்றியாயிற்று, சாப்பிட ஆள் போகிறது. எலக்ட்ரானுக்குக் கோபம் வராது என்பதை நான் என் உதாரணத்தில் யோசிக்கவே இல்லை.

மேகலா குறுக்கே போய் நின்றாள். "கோவிச்சுக்காதீங்கய்யா. ஒங்கள மாதிரி ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். நீங்க நடுவுல இல்லாட்டி ரெண்டு வீடும் ஒட்டவே ஒட்டாதாம்."

பெரியப்பா நின்றார். "யாரு சொன்னா?"

"கெமிஸ்ட்ரி புக்ல போட்ருக்குய்யா."

"புக்லயே போட்ருக்கா?"

மீசையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். அன்று முழுக்க, "நம்மளப் பத்தி புஸ்தகத்துலயே போட்ருக்காம்ல" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்தி வந்தது. மாமா வேண்டுமென்றே அதில்தான் உட்கார்ந்தார். பாயச வாளியை அப்பாவே தூக்கிக்கொண்டு வந்தார். மாமா இலையில் ஊற்றினார். குடித்ததும் மறுபடி ஊற்றினார்.

"போதும் மச்சான்."

"குடிங்க மாப்ள."

"மச்சான், வேட்டியெல்லாம் வழியுது."

"வழியட்டும்! குடிங்க!"

பந்தியே எழுந்து நின்று பார்த்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். நானும் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மேகலா நோட்டோடு வந்தாள். "மொத்தம் அறுநூத்திப் பத்தொம்பது எலை மிஸ். அதுல நாங்க பதினோரு பேரு. லிஸ்ட்டுல அஞ்சு பேரு வரல போலருக்கு. அப்பறம் மூணு பேரு எந்தப் பக்கமும் இல்ல மிஸ். யாருன்னே தெரியல. நல்லாச் சாப்ட்டாங்க, போயிட்டாங்க."

"அதுக்குப் பேரு ஃப்ரீ ராடிகல்," என்றேன். "ஜோடி சேராத எலக்ட்ரானோட திரியும். எங்க எடம் கெடச்சாலும் ஒட்டிக்கும். அது அடுத்த வருசப் பாடம்."

நான் மாஸ்டரிடம் சொன்னது அறுநூற்று இருபது. ஓர் இலை மிச்சம்!

மாமாவின் கவலை

அன்றிலிருந்து பாயசக் கதை போய்விட்டது. மாமா எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இப்போது அப்பாதான் முந்திக்கொள்கிறார்.

"வாங்க மாப்ள, இன்னைக்கு எத்தன பேருக்குச் சோறு வைக்கச் சொல்லிட்டு வந்தீங்க?"

மாமா தலையைச் சொறிவார். அப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பார். வெற்றிலையை மடித்துக்கொண்டு பேசாமல் உட்காருவதே இல்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனையோ தடவை உண்மை தொண்டை வரைக்கும் வந்திருக்கிறது.

இந்த அத்தியாயத்தை எழுத உட்காருவதற்கு முன்னால் மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, கல்யாணச் சாப்பாட்டுக் கதைய எழுதப் போறேன். கொறச்சது நாந்தான்னு சொல்லிரட்டா?"

கடையில் யாரோ வெங்காயம் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"எழுதுத்தா. ஒங்கதைதானே. ஆனா அதுக்கப்பறம் ஒங்கப்பா என்னையக் கேலி பண்ண மாட்டாரே."

"நல்லதுதானே மாமா?"

"என்னத்த நல்லது? அப்பறம் நான் அங்க வந்து அந்த மனுசன்கிட்ட என்னத்தப் பேச?"

அப்பா, இந்தப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டு வந்து இந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடுவீர்கள் என்று தெரியும். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இதைப் படிக்காதவர் மாதிரியே, எத்தனை பேருக்குச் சோறு வைக்கச் சொன்னார் என்று கேட்டுவிடுங்கள்.